மண்ணைக் கிளறாமல் நீரைக் காணல்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்து ஆண்டுகளாகக் கவிதையும் காப்பியமும் ஒலித்துவரும் இம்மேடையில் மண்ணைப் பற்றியும் நீரைப் பற்றியும் பேசுமாறு ஓர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியனைப் பணித்திருக்கிறீர்கள். தலைப்பைக் கேட்ட நண்பரொருவர், "இலக்கிய வட்டத்தில் இதற்கென்ன வேலை?" என்று வினவினார். நீர் சுரக்கும் இடத்தை ஊற்றுக்கண் என்று அழைப்பது நம் மொழி. அந்தக் கண்ணை நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் கண்ணுக்கு நீர் வந்து சேரும் வழியை நம்மில் ஒருவரும் பார்த்ததில்லை. அவ்வழியைக் காண அறிவியலார் மேற்கொண்ட முயற்சியே என் பொருள். இடம் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

என் பெரியப்பா கண்மாய்க்குக் கீழே ஒரு கிணறு வெட்டினார். நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் தேங்காயைக் கையில் ஏந்தி நடந்து காட்டிய இடம் அது. ஐம்பத்தைந்து அடி வெட்டியும் ஈரம் கசிந்ததேயன்றி ஊற்று வரவில்லை. அடுத்த புஞ்சைக்காரரின் கிணறோ முப்பது அடியிலேயே கோடையைத் தாங்கி நின்றது. "ஒரே கம்மா, ஒரே மழை. தண்ணி மட்டும் ஏன்டா அங்கிட்டுப் போகுது? நீ படிச்சவன், சொல்லு" என்று அவர் பலமுறை கேட்டார். அன்று என்னிடம் விடையில்லை. கிணற்றுக்காக வாங்கிய கடன் அவருடைய இரண்டு மா நிலத்தை விழுங்கிற்று.

பிரான்சு நாட்டுப் பொறியாளர் தார்சி என்பார், மணல் நிரப்பிய உருளையினூடே நீரைச் செலுத்தி, அது செல்லும் அளவுக்கு ஒரு விதியை 1856-இல் வகுத்தார். இன்றும் நிலத்தடி நீரியலுக்கு அதுவே அடித்தளம். ஆனால் அவருடைய உருளையில் இருந்தது ஒரே சீரான மணல். வயல் மண் அப்படிப்பட்டதன்று. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் மண்ணின் ஊடாக வடிந்த மழைநீரை ஆண்டுக்கணக்கில் அளந்த லாஸ், கில்பர்ட், வாரிங்டன் ஆகியோர், நீரில் ஒரு பகுதி மண்ணை நனைக்காமலே திறந்த வழிகளில் விரைந்து இறங்கிவிடுகிறது என்று 1882-இல் எழுதினர். மண்புழுத் துளை, மட்கிய வேரின் குழாய், களிமண் வெடிப்பு ஆகியவையே அவ்வழிகள். அக்கம்பக்கத்து இரு கிணறுகள் இருவேறு விதமாக நடந்துகொள்வதில் வியப்பில்லை என்பதற்கு இது முதற்சான்று.

அவ்வழிகளை எப்படிப் பார்ப்பது? குழி தோண்டினால், தோண்டிய கணமே நீர் குழியை நோக்கித் திரும்பிவிடும். சாயம் கலந்து ஊற்றி, பிறகு மண்ணை வெட்டிப் பார்க்கலாம். பார்த்ததும் அந்த மண் அழிந்துபோகும். உயிருள்ள உடலின் குருதியோட்டத்தை அறுத்துப் பார்த்து அறிவது போன்ற வேலை அது.

உடலை அறுக்காமல் பார்க்கும் வழிகளுள் ஒன்று 1971-இல் பிறந்தது. ஹௌன்ஸ்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் ஆக்கிய கருவி அது. நாம் சி.டி. ஸ்கேன் என்கிறோம். எக்ஸ் கதிர்களைப் பல கோணங்களில் செலுத்தி, அவை எங்கெங்கே எவ்வளவு குன்றின என்பதைக் கணிப்பொறியால் தொகுத்து, உடலின் குறுக்குவெட்டை அது வரைந்து காட்டும். 1979-இல் இதற்காக அவருக்கும் கார்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவர்கள் மட்டுமே பயன்படுத்தி வந்த அக்கருவிக்குள் மண் நிரம்பிய குழாயை வைத்தவர்களுள் பிரேசில் நாட்டுக் கிரெஸ்தானா குழுவினர் முன்னோடிகள். மண்ணுக்குள் நீர் நகர்வதை முப்பரிமாணத்தில் காட்டிய அவர்கள் ஆய்வு 1985-இல் வெளிவந்தது. உலர்ந்த மண்ணை ஒரு படம், நீர் விட்டபின் அதே இடத்தை இன்னொரு படம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் எஞ்சுவது நீர். எவ்வளவு எளிய எண்ணம்!

நியூட்ரான் கதிருக்கு இன்னொரு வசதி உண்டு. ஈயத்தை எளிதில் கடக்கும் அது, நீரிலுள்ள ஹைட்ரஜனிடம் சிதறி நின்றுவிடும். ஆகவே படத்தில் நீரே துலங்கித் தெரியும். நம் கல்பாக்கத்தில் 1996-இல் இயங்கத் தொடங்கிய காமினி என்னும் சிற்றுலையில் நியூட்ரான் படம் எடுக்கும் வசதி அமைக்கப்பட்டது. காந்த ஒத்ததிர்வு முறையான எம்.ஆர்.ஐ. நீரையே தேடிப் படம் பிடிப்பது. ஆனால் இரும்பு மிகுந்த மண்ணில் அது தடுமாறும். நம் செம்மண்ணையும் செம்புராங்கல்லையும் அதற்குள் வைத்தால் படம் குழம்பிப்போகும். சிவப்பின் அழகுக்கு நாம் கொடுக்கும் விலை என்று கொள்ளுங்கள்.

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்துக் குழாயளவு மண்ணுக்கே உதவும். கண்மாயைத் தூக்கி ஸ்கேன் கருவிக்குள் வைக்க முடியாது. களத்துக்கு ஏற்றது மின்தடைப் படமுறை. நிலத்தில் ஒரே கோட்டில் இரும்பு முளைகளை அடித்து, இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, வேறிரண்டுக்கு இடையே மின்னழுத்தத்தை அளப்பார்கள். ஈரமண் மின்சாரத்தை எளிதில் கடத்தும். காய்ந்த சரளை தடுக்கும். முளைகளை மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான அளவீடுகள் எடுத்தால் நிலத்தின் நெடுக்குவெட்டு திரையில் விரியும். ஆழ்குழாய் இறக்குமுன் ஓரிடத்தில் ஒருமுறை கருவி வைத்துப் பார்க்கிறார்களே, அது இதன் சுருங்கிய வடிவம். ஒருமுறை எடுத்த அளவை மட்டும் நம்பிவிடக் கூடாது. களிமண்ணும் உப்பும் நீரைப் போலவே வேடமிடும். அதே முளைகளில் மழைக்கு முன்னும் பின்னும் எடுத்துக் கழித்துப் பார்ப்பதே உண்மைக்கு நெருக்கமானது.

அப்படிப் பார்த்த இடம் தொலைவில் இல்லை. கர்நாடகத்தின் பந்திப்பூர்க் காட்டில் மூலெஹொளெ என்னும் நீர்ப்பிடிப்புப் பகுதி உள்ளது. சுமார் 4 சதுர கிலோமீட்டர் பரப்பு, அடியில் கடும்பாறை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தாரும் பிரெஞ்சு ஆய்வாளரும் இணைந்து அங்கே 2004-ஆம் ஆண்டுப் பருவமழையின்போதும் அதன் பின்னரும் மின்தடைப் படங்கள் எடுத்தனர். தரையில் கம்பிச் சுற்றை விரித்து, காந்த ஒத்ததிர்வாலும் நிலத்தடி நீரை அளந்தனர். அம்முடிவுகள் 2008-இல் வெளியாயின. காடு முழுதும் மழை பெய்திருக்க, நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்திய நீர் ஓடையின் அடியில் இறங்கியதாகவே படங்கள் காட்டின. மரங்கள் ஆழத்து மண்ணில் சேர்ந்த ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்கின்றன என்பதை அதே பகுதியில் நடந்த நீர்க்கணக்கு ஆய்வு 2010-இல் எடுத்துரைத்தது.

என் பெரியப்பாவின் கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. நீர் எல்லா இடத்திலும் சமமாக இறங்குவதில்லை; தனக்கென வாயில்களை வைத்திருக்கிறது. புதுக்கோட்டைச் சீமையில் கண்மாய்க்குள் குமிழித் தூம்பு நாட்டிக் கல்வெட்டும் பொறித்த முன்னோர், நீரை வெளியே விடும் வாயிலை அறிந்திருந்தனர். அது உள்ளே இறங்கும் வாயிலை நாம் இன்னும் தேடவில்லை. தூர் வாரும்போது கரை முதல் கரை வரை ஒரே அளவாக வண்டல் அள்ளுகிறோம். எந்த இடத்தில் அள்ளினால் நீர் கிணறுகளுக்கு இறங்கும், எந்த இடத்தில் அள்ளினால் கோடைக்குத் தேக்கிய நீரை இழப்போம் என்பது தெரியாமலே எந்திரத்தை இறக்குகிறோம்.

தைலமரக் காடுகள் பற்றிய வழக்கும் இத்தகையதே. அரிமளத்தைச் சுற்றி அது எவ்வளவு கசப்பை வளர்த்திருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மரம் நீரைக் குடிக்கிறது என்பது உழவர் கூற்று. கர்நாடகத்தில் கால்டர் என்னும் நீரியல் அறிஞரும் துணைவரும் 1980-களின் இறுதியில் தொடங்கி நிலத்தில் குழாய் இறக்கி நியூட்ரான் கருவியால் அளந்தபோது, ஆழமான மண் அமைந்த ஹொசகோட்டைத் தோட்டத்தில் தைலமரம் அங்கே பெய்த மழையைவிட மிகுதியான நீரைச் செலவழித்தது தெரியவந்தது. ஆழம் குறைந்த மண்ணிலோ அது இயற்கைக் காட்டினும் மிகுதியாகச் செலவழிக்கவில்லை. ஆக, எல்லாம் மண்ணின் ஆழத்தைப் பொறுத்தது. நம் மண்ணின் ஆழம் என்ன, வேர் எங்கே நிற்கிறது என்று அளந்து எவரும் இம்மேடைக்குக் கொண்டுவரவில்லை. 2018 கஜா புயலில் வேரோடு சாய்ந்த மரங்களைக் கண்டு நாமாகவே ஒரு முடிவுக்கு வந்தோம். சாய்ந்த மரம் மேல்வேரைத்தான் காட்டும். நான் உழவர் பக்கம் நிற்பவன். அதனாலேயே படத்தை வேண்டுகிறேன். படம் இருந்தால் அவர்கள் வழக்கு வலுப்பெறும். இல்லையேல் எதிர்த்தரப்பார் சொல்வதற்கு மறுமொழி கூற முடியாது.

ஆகவே வட்டத்தின் செயலாளரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த தூர்வாருதலுக்கு முன்பாக, நம் கண்மாய் உட்பரப்பில் ஒரு கோடும் தைலக்காட்டு ஓரத்தில் ஒரு கோடும், மழைக்கு முன் ஒருமுறையும் கார்த்திகை கழிந்து ஒருமுறையும் படம் எடுத்துத் தருமாறு ஏதேனும் ஒரு பல்கலைக்கழகப் புவியியற்பியல் துறைக்கு விண்ணப்பம் எழுதுங்கள். எழுத்து நம் தொழில்தானே!

வாயிலருகே மேசையில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கிறேன். அடியில் உலர்ந்த பருமணல், மேலே பொடிமணல். கூட்டம் முடிந்ததும் நம் இளைஞர் ஒருவர் அதில் பரவலாக நீர் தெளிப்பார். மேல் மணலைச் சீராக நனைத்த நீர், கீழ் மணலைத் தொட்டதும் விரல் விரலாகப் பிரிந்து இறங்குவதைக் காண்பீர்கள். முன்வரிசையில் நின்று பாருங்கள். உலர்ந்த மணலுக்கு முதல் தெளிப்பு ஒன்றுதான். பிறகு தெளிக்கும் நீர் பெரும்பாலும் பழைய விரல்களையே பற்றிக்கொண்டு இறங்கும்.