கல்லுக்கு ஒரு காவல்



உத்திரமேரூர் என்றதும் குடவோலை நினைவுக்கு வருவது இயல்பு. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில் (919, 921) பொறிக்கப்பெற்ற அவ்விரு கல்வெட்டுகளும் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் உள்ளன. முப்பது குடும்புகள், கால் வேலி இறைநிலம், சொந்த மனையில் வீடு, கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் தடை எனக் கல் கூறும் செய்திகள் மேடைதோறும் முழங்குகின்றன. அக்கல்லைத் தாங்கும் கட்டடத்தைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஓலையில் எழுதியதை மற்றோர் ஓலையில் பெயர்த்தெழுதிக் காக்கலாம். சுவரில் எழுதியதற்கோ சுவரே ஏடு. மைப்படி எடுத்து வைத்தாலும் அது எழுத்தின் நிழலேயன்றி எழுத்தாகாது.

வைகுந்தப் பெருமாள் கோயிலுக்கு மத்தியத் தொல்லியல் துறையின் காவல் உண்டு. 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தத்தின்படி, இத்தகைய சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழும்பக் கூடாது; அதற்கப்பால் 200 மீட்டருக்குள் எழுப்ப முன் அனுமதி வேண்டும். சின்னத்தைச் சிதைப்போருக்கு இரண்டாண்டு வரை சிறையும் உண்டு.

அதே ஊரில் குழம்பேசுவரர் கோயிலின் கதை வேறு. சோழர் காலத்தது என மதிக்கப்படும் அக்கோயிலை 2020 டிசம்பரில் ஊரார் திருப்பணிக்காகப் பிரித்தபோது, கருங்கற்படிகளின் அடியிலிருந்து அரைக் கிலோவுக்கும் மேற்பட்ட பொன்னணிகள் வெளிப்பட்டன. அறநிலையத் துறையின் ஆளுகைக்கு உட்படாத கோயில் என்றே நாளிதழ்கள் எழுதின. வருவாய்த் துறையினர் விரைந்து வந்தனர், ஊரார் மறுத்தனர், பேச்சுக்குப் பின் பொன் அரசுக் கருவூலம் சென்றது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கூட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டுமென 1878ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறதே! பொன்னுக்கு அச்சட்டம் ஓடி வந்தது. படிக்கல்லுக்கு எதுவும் வரவில்லை. ஊராரைப் பழிப்பது முறையன்று. குடமுழுக்கு நடத்தும் ஆர்வமே அவர்களுடையது. நூறாண்டு கடந்த கட்டடமாயினும் அரசு அறிவிக்கை செய்தாலன்றி 1966ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும் காவல் தருவதில்லை என்பதே குறை. சுண்ணாம்புப் பூச்சிலும் மணல் வீச்சிலும் எழுத்திழந்த சுவர்கள் எத்தனையோ.

2015இல் ஆங்கில நாளிதழ் ஒன்றின் ஆசிரியருக்கு வந்த வாசகர் கடிதத்தையே சென்னை உயர்நீதிமன்றம் தானாக வழக்காக எடுத்துக்கொண்டது. அவ்வழக்கில் 2021 ஜூன் 7 அன்று 75 ஆணைகள் பிறந்தன. மரபு ஆணையத்தின் ஒப்புதலின்றிப் பழங்கோயிலின் கட்டமைப்பை மாற்றலாகாது என்பது அவற்றுள் ஒன்று. 2012லேயே சட்டமன்றத்தில் நிறைவேறிய மரபு ஆணையச் சட்டம் அதுவரை நடைமுறைக்கு வராமலே கிடந்தது. சட்டமன்றம் இயற்றியதை எழுப்பிவிட ஒரு வாசகரின் கடிதம் வேண்டியிருந்தது.