பிரித்தால்தான் கட்டை

வானொலியில் ஒரு பொம்மையைப் பற்றிப் பேசுவதில் சிக்கல் உண்டு: எதையும் காட்ட முடியாது. நல்ல வேளையாக, லெகோ கட்டைகளுக்கு என்று ஓர் ஓசை இருக்கிறது. ஒரு டப்பா நிறைய இருக்கும் கட்டைகளைத் தரையில் கொட்டி, வேண்டியதைத் தேடிக் கையால் அளையும்போது எழுகிற சலசலப்பு அது. அதைக் கேட்டாலே மனம் லேசாகிறது என்பவர்கள் உண்டு. 2021-இல் லெகோ கம்பெனியே இந்தச் சலசலப்பை மூன்று மணி நேரத்துக்கும் மேலாகப் பதிவு செய்து வெளியிட்டது. யாருக்காக என்கிறீர்கள்? அசதியாக வீடு திரும்பும் பெரியவர்களுக்காக. நான் பேச வந்ததும் அவர்களைப் பற்றித்தான். நாற்பதிலும் அறுபதிலும் பிளாஸ்டிக் கட்டைகளை வாங்கி, பொருத்தி, பிரித்து, மறுபடி பொருத்துகிற ஆட்கள். இது சிறுபிள்ளை விளையாட்டின் மிச்சமா, கலையா? கலைதான் என்றால் அதில் நல்லது எது, சுமாரானது எது என்று எதை வைத்துச் சொல்வது?

முதலில் கட்டையைப் பார்த்துவிடுவோம். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் இருந்தார். பொருளாதார மந்தத்தில் வேலை குறைந்துபோக, 1932-இல் மர பொம்மைகள் செய்யத் தொடங்கினார். போர் முடிந்தபின் பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரம் ஒன்றை வாங்கினார். 1949-இல் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. யோசனை அவருடையது இல்லை. இங்கிலாந்தில் ஹிலரி பேஜ் என்பவர் கிடிகிராஃப்ட் என்ற பெயரில் முன்பே விற்றுவந்ததைப் பார்த்துச் செய்தது. லெகோ பிரியர்களில் சிலருக்கு இதைச் சொல்லக் கூச்சம். கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்தப் பழைய கட்டை உள்ளே வெறும் கூடு; ஒன்றன்மேல் ஒன்று உட்காரும், அவ்வளவுதான். தூக்கினால் கழன்றுவிடும்.

அந்தக் கூட்டுக்குள் குழாய்களை வைத்தவர் ஓலேயின் மகன் கோட்ஃபிரெட். 1958 ஜனவரி 28 அன்று அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். உங்கள் வீட்டில் பிள்ளைகளின் கட்டை ஏதாவது கிடந்தால் எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே எட்டுக் குமிழ் உள்ள சாதாரணக் கட்டையின் அடியில், நடுவே வரிசையாக மூன்று குழாய்கள் தெரியும். இன்னொரு கட்டையின் குமிழ்கள் உள்ளே போகும்போது ஓரத்துக் குமிழ் இரண்டு சுவர்களையும் ஒரு குழாயையும் தொடுகிறது. நடுக் குமிழ் ஒரு சுவரையும் இரண்டு குழாய்களையும் தொடுகிறது. எதுவானாலும் மூன்று இடத்தில் பிடி. அந்தப் பிடி பொருளைத் தூக்கி எறிந்து விளையாடத் தாங்கும். அதே சமயம் ஐந்து வயதுக் குழந்தையின் விரலுக்கும் விட்டுக்கொடுக்கும். இந்த இரண்டையும் ஒருசேரச் சாதித்ததுதான் பெரிய காரியம். 1963-இல் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். அதற்கு முந்தைய கட்டைகள் காலப்போக்கில் நெளிந்துபோகும், பிந்தையவை நெளிவதில்லை. தாத்தா காலத்துக் கட்டையில் பேரன் நேற்று வாங்கியதைச் செருகலாம்.

பொதுவாக ஆர்வலர்கள் இங்கே ஒரு கணக்கைச் சொல்லுவார்கள்: எட்டுக் குமிழ் கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை எத்தனை விதமாகச் சேர்க்கலாம்? கம்பெனி வெகுகாலம் 10,29,81,500 என்று சொல்லிவந்தது. சோரன் ஐலர்ஸ் என்ற டென்மார்க் கணித அறிஞர் இதைச் சரிபார்த்தார். ஆறு அடுக்காக உயரும் வகைகளை மட்டுமே கம்பெனி எண்ணியிருந்தது. மொத்தமாக எண்ணினால் 91,51,03,765 வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கலையின் அருமை இந்தத் தொண்ணூறு கோடியில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதில் பெரும்பாலானவை அர்த்தமில்லாத குவியல்கள்.

அருமை வேறொரு சின்னக் கணக்கில் இருக்கிறது. குமிழுக்குக் குமிழ் இடைவெளி 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6. தட்டு என்று சொல்லும் மெல்லிய வகையின் உயரம் 3.2, அதாவது மூன்று தட்டு சேர்ந்தால் ஒரு கட்டை. இதுவரை சிறுவர்களுக்கும் தெரியும். ஐந்து தட்டுகளை அடுக்கினால் 16 மில்லிமீட்டர். இரண்டு குமிழின் அகலமும் சரியாக 16. இது புரிந்த நாளில் ஆள் மாறிவிடுகிறார். அடுக்கிய தட்டுகளைப் படுக்கவைத்து மற்ற கட்டைகளுக்கு நடுவில் கச்சிதமாக நுழைக்கலாம், மயிரிழை இடைவெளி தெரியாது. காருக்கு முகப்பு விளக்கு வைப்பதற்கென்று ஒரு குட்டிக் கட்டை உண்டு, பக்கவாட்டில் குமிழ் உள்ளது. செய்தவர் பெயரால் பழைய ஆட்கள் அதை எர்லிங் என்பார்கள். அதைச் சுவருக்குள் புதைத்துவிட்டால் மேல்நோக்கி மட்டுமே வளர்ந்துகொண்டிருந்த கட்டடம் பக்கவாட்டிலும் வளரத் தொடங்கும். தூணின் வளைவு, சன்னல் மேல் வேலைப்பாடு, மரப்பலகையின் வரி எல்லாம் இப்படி வருகின்றன. நல்ல வேலை செய்தவரின் கட்டடத்தில் குமிழே கண்ணில் படாது.

2021-இல் போன்சாய் மரம் ஒன்று பெட்டியாக வந்தது, 878 துண்டுகள். செர்ரி பூத்திருப்பது போல இளஞ்சிவப்புப் பூக்கள் கிளை நிறைய இருக்கும். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அவற்றில் பல பூவே இல்லை. குட்டித் தவளைகள்! வேறெதற்கோ எப்போதோ செய்த தவளையை இளஞ்சிவப்பில் வார்த்து, கிளையில் உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டடி தள்ளி நின்றால் பூ, குனிந்தால் தவளை. புதிதாக ஒரு பூ அச்சு செய்திருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும். இருப்பதை வைத்தே முடித்த இந்தக் குறும்பைத்தான் நான் கலை என்கிறேன்.

“பெட்டியில் இருக்கும் கையேட்டைப் பார்த்துப் பொருத்துவதில் என்ன கலை?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சொந்தமாக வடிவமைப்பவர்களிடமும் இந்த இளக்காரம் கொஞ்சம் உண்டு. ஒரு கீர்த்தனையைப் பாடுகிறவரிடம் போய் “இது நீங்கள் இயற்றியதா?” என்று நாம் கேட்பதில்லை. நூறு கீர்த்தனை பாடமான பிறகுதான் கற்பனை ஸ்வரம் கைக்கு வருகிறது. கையேட்டைப் பக்கம் பக்கமாகப் பின்தொடர்கிறவர், இன்னொருவர் யோசித்த வழியில் தன் விரல்களை நடத்திப் பார்க்கிறார். எதற்கு இந்த இடத்தில் நீலக் கட்டை, வெளியில் தெரியவே தெரியாதே என்று குழம்புவார். நாற்பது பக்கம் தாண்டி ஒரு சுவர் சாயும்போது காரணம் விளங்கும். (அது அடையாளத்துக்காகவும் இருக்கலாம், உள்ளே ஒளியும் துண்டுகளுக்கு வேண்டுமென்றே பளிச்சென்ற நிறம் கொடுப்பார்கள், கண்டுபிடிக்கச் சுலபம்.)

சொந்தமாகக் கட்டத் தொடங்கினால் முதல் எதிரி தேடல். பலரும் கட்டைகளை நிறவாரியாகப் பிரித்து வைப்பார்கள். பார்க்க அழகு, வேலைக்கு ஆகாது. கறுப்புக் குவியலில் ஒரு சிறிய கறுப்புத் துண்டைத் தேடிப் பாருங்கள், கண் பூத்துவிடும். வடிவவாரியாகப் பிரித்து, எல்லா நிறமும் கலந்திருந்தால் கறுப்பு சட்டென்று தென்படும். நட்டு, போல்ட்டு கடையில் இருக்கும் இழுப்பறைப் பெட்டிகள்தான் இதற்குச் சரி.

சேகரிப்பவர்கள் கதை தனி. பெட்டியைத் திறக்காமலே அலமாரியில் வைத்து, விற்பனை நின்றபின் விலை ஏறக் காத்திருப்பவர்கள். மாஸ்கோ பொருளாதார ஆய்வாளர்கள் 1987 முதல் 2015 வரையிலான பெட்டிகளைக் கணக்கிட்டு, சராசரியாக ஆண்டுக்கு 11 சதவீதமாவது ஏறியிருப்பதாக எழுதினார்கள். விலை பாதியாய்ப் போனவையும் அதே ஆய்வில் இருக்கின்றன என்பதை யாரும் சொல்வதில்லை. 2008-இல் தாஜ் மஹால் வந்தது, 5,922 துண்டுகள். விற்பனை நின்றதும் விலை எங்கோ போனது. 2017-இல் கம்பெனி அதையே 5,923 துண்டுகளோடு மறுபடி இறக்கியது. பதுக்கியிருந்தவர்கள் முகத்தை நினைத்துப் பார்க்கலாம். எனக்கு அவர்கள்மீது பெரிய அனுதாபம் கிடையாது. தபால்தலையை ஒட்டிவிட்டால் தீர்ந்தது, பழைய சரக்கை ஊற்றிவிட்டால் தீர்ந்தது. லெகோவோ திறந்தாலும் கட்டினாலும் பிரித்தாலும் தேயாத பொருள். அதைத் திறக்காமல் வைத்திருப்பவர் அட்டைப்பெட்டியைத்தான் சேகரிக்கிறார்.

பெரியவர்களைக் கம்பெனி வெகுநாள் கண்டுகொள்ளவில்லை. பதின்வயதில் கட்டையைக் கைவிட்டு, வேலை, கல்யாணம் என்று ஆனபின் மறுபடி வந்துசேர்வார்கள். நடுவில் போன ஆண்டுகளைத் தங்களுக்குள் ‘இருண்ட காலம்’ என்பார்கள். 2003-இல் கம்பெனி பெரும் நஷ்டத்தில் விழுந்தது. மறு ஆண்டு பொறுப்பேற்ற யோர்கன் விக் நுட்ஸ்டோர்ப் இவர்கள் பேச்சையும் கேட்கத் தொடங்கினார். கேட்க நிறைய இருந்தது: அதே 2004 வாக்கில்தான் சாம்பல் நிறத்தைச் சற்று நீலம் கலந்த சாம்பலாக மாற்றியிருந்தார்கள். இருபது வருடம் சேர்த்த கோட்டைச் சுவர் ஒட்டுப்போட்டது போல ஆகுமே என்று ஆர்வலர்கள் கொதித்தார்கள். வெளியாளுக்கு வேடிக்கை, எனக்கு நியாயமாகவே படுகிறது. 2007-இல் வந்த ‘கஃபே கார்னர்’, 2,056 துண்டுகளில் ஒரு தெருமுனைக் கட்டடம், ஜேமி பெரார்ட் வடிவமைத்தது. அவர் ஆர்வலராக இருந்து கம்பெனிக்குள் போனவர். அதன் பக்கத்தில் அடுத்த கட்டடம், அதன் பக்கத்தில் இன்னொன்று என்று தெரு இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது.

குறைகளையும் சொல்லவேண்டும். விலை அநியாயம், நம் ஊரில் இன்னும் கூடுதல். பெரியவர்களுக்கென்று அண்மை ஆண்டுகளில் வந்தவற்றில் பாதி வரவேற்பறை அலங்காரம்: பூங்கொத்து, தட்டச்சுப்பொறி, காலணி. ஒருமுறை கட்டி, கண்ணாடிக்குள் வைத்து, தூசி தட்டுவதோடு சரி. ஒரு சிலர் பசை போட்டே ஒட்டிவிடுகிறார்கள். லெகோலாண்ட் பூங்காவில் மழைக்கும் காற்றுக்கும் நிற்கவேண்டிய மாதிரிகளை ஒட்டுவது வேறு விஷயம். வீட்டில் ஒட்டினால் அது சிலை. 2014-இல் வந்த லெகோ திரைப்படத்தின் சண்டையே இதுதான்: நிலவறையில் தான் கட்டிய நகரத்தைப் பசை போட்டு நிறுத்த நினைக்கும் அப்பா, கலைத்து விளையாடப் பார்க்கும் மகன். கம்பெனியே தன் பெரிய வாடிக்கையாளரை வில்லனாக்கிப் படம் எடுத்ததைப் பாராட்டத்தான் வேண்டும்.

பிளாஸ்டிக் பழியும் உண்டு. 1997-இல் ‘டோக்கியோ எக்ஸ்பிரஸ்’ என்ற கப்பலிலிருந்து இங்கிலாந்தின் கார்ன்வால் அருகே சரக்குப் பெட்டகங்கள் கடலில் விழுந்தன. ஒன்றில் ஏறத்தாழ 48 லட்சம் லெகோ துண்டுகள். ஆக்டோபஸும் டிராகனும் இன்றும் அங்கே கரை ஒதுங்குகின்றன. அழியாத பொருள் வீட்டில் இருந்தால் சொத்து, கடலில் இருந்தால் குப்பை.

யாருக்காவது ஆசை வந்திருந்தால் ஒரு வார்த்தை. பெரிய பெட்டியில் தொடங்காதீர்கள். பழைய கட்டைகள் கிலோ கணக்கில் கிடைத்தால் வாங்குங்கள். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீரில் சோப்பு போட்டு அலசினால் போதும். வெள்ளைக் கட்டை மஞ்சளித்திருந்தால் வெயில் பட்டது என்று அர்த்தம். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்தால் வெளுக்கும், மறுபடி மஞ்சளிக்கவும் செய்யும். அப்படியே விட்டாலும் சுவருக்குப் பழமை தரும். 2010-ஐ ஒட்டி வந்த செம்பழுப்புக் கட்டைகளிடம் மட்டும் ஜாக்கிரதை, பிரிக்கும்போது பொட்டென்று உடையும். இரண்டு தட்டுகள் ஒட்டிக்கொண்டால் பல்லால் கடிக்காதீர்கள். அதற்கென்றே ஆரஞ்சு நிறத்தில் பிரிப்பான் ஒன்று பல பெரிய பெட்டிகளில் இலவசமாக வருகிறது, ஏற்கெனவே வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் ஒன்று கொடுப்பார். அவரிடம் குறைந்தது ஏழெட்டாவது கிடக்கும்.