மூன்று கிராம் உப்பும் 240 கிலோ உப்பும்

பேராசிரியப் பெருமக்களே, ஆய்வு மாணவர்களே, இன்றைய ஷிப்டை வேறொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் டையிங் மாஸ்டர்களே!

ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். ஆய்வகத்தில் 5 கிராம் பனியன் துணியை 50 மில்லி நீரில் சாயமேற்றுகிறோம். அடர்நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால், அந்தக் குடுவைக்கு 3 கிராம் போதும். அதே ஷேடைத் திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றில் 500 கிலோ லாட்டாகப் போடுகிறார்கள். ஒன்றுக்கு எட்டு என்ற நீர் விகிதத்தில் 4,000 லிட்டர் நீர், 240 கிலோ உப்பு. குடுவையிலிருந்து மெஷினுக்குப் போகும் வழியில் என்னென்ன நேர்கிறது என்பதை நம் பாடநூல்கள் மிகக் குறைவாகவே சொல்கின்றன.

நான் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில் ஒரு பட்டறைக்கு உதவப் போனேன். ஆய்வகத்தில் மிகச் சரியாக வந்த மெரூன், மெஷினில் மங்கி, திட்டுத்திட்டாக வந்தது. நான் செய்முறைத் தாளை மூன்று முறை சரிபார்த்தேன். பிழை ஏதும் தெரியவில்லை. அங்கிருந்த மாஸ்டர் தொட்டியிலிருந்து ஒரு மக்கில் தண்ணீர் மொண்டு, கையில் சோப்பைத் தேய்த்தார். நுரை எழவில்லை. "இன்னைக்கு லாரித் தண்ணி வேற கிணத்துதுங்க சார்" என்றார். அவ்வளவுதான். என் ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீர். அவர் தொட்டியிலோ சுண்ணாம்பும் மக்னீசியமும் நிறைந்த கடின நீர்.

அன்று நான் தலைகுனிந்தது உண்மை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. நீர் கெட்டிருப்பதைக் கண்டுகொண்ட மாஸ்டர், அதைச் சரிசெய்யும் மருந்தைக் கண்ணளவில்தான் கொட்டிவந்தார். கடினத்தன்மையை அளக்கும் எளிய சோதனையைச் சொல்லிக் கொடுத்தேன். பத்து நிமிட வேலை. அதன்பின் அளந்து போட்டார். நோயை அவர் கண்டார், அளவை நான் சொன்னேன். இரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் அடுத்த லாட்டும் கெட்டிருக்கும்.

ரியாக்டிவ் சாயம் பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பு கொள்ளும் என்பதை 1954-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ராட்டியும் ஸ்டீபனும் கண்டறிந்தார்கள். 1956-இல் அது 'புரோசியான்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதே சாயம் நீரோடும் வினைபுரியும். அப்படி வினைபுரிந்த பங்கு துணியில் நிற்காமல் கழிவில் போய்விடும். இந்த இரு வினைகளையும் தூண்டும் சோடா ஆஷை ஒரே மூச்சில் கொட்டக்கூடாது, சிறுகச் சிறுக விடவேண்டும் என்பதற்கான காரணம் இந்த வேதியியலில்தான் இருக்கிறது. காரணம் தெரிந்த தொழிலாளி, மேற்பார்வையாளர் இல்லாத இரவிலும் அதைப் பொறுமையாக விடுவார். "இப்படிச் செய்" என்று மட்டும் சொல்லப்பட்டவர் அவசரத்தில் கொட்டிவிடுவார்.

உப்பின் கதை இன்னும் கனமானது. சாயமாவது பெரும்பகுதி துணியில் தங்கும். உப்பு தங்காது, போட்டது முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறும் அதன் குறுக்கே நிற்கும் ஒரத்துப்பாளையம் அணையும் இதற்குச் சாட்சிகள். பாசனத்துக்காகக் கட்டிய அணையிலிருந்து நீர் திறக்க வேண்டாம் என்று உழவர்களே சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ப் பட்டறைகள் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைப்பின்றி நின்றன. இன்று கழிவுநீரைச் சுத்திகரித்து, ஆவியாக்கி, உப்பை மீட்கிறோம். அதற்கு ஆகும் மின்சாரமும் விறகும் கொஞ்சமல்ல. எனவே "இருக்கட்டும்" என்று கூடுதலாகப் போடும் ஒவ்வொரு மூட்டைக்கும் நாம் இரண்டு முறை விலை கொடுக்கிறோம். உப்பைக் குறைக்கும் வழிகளைப் பற்றி ஆய்வேடுகள் நிறையவே உண்டு. பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தவை சிலவே. இதில் ஆய்வாளர்களான நம் பங்குப் பிழை பெரிது என்றே நான் கருதுகிறேன். ஐந்து கிராமில் முடிவு கண்டதும் கட்டுரை எழுதி முடித்துவிடுகிறோம்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன், ஒரு லாட் தண்ணீர் நிரப்புவதிலிருந்து துணி இறங்கும் வரை, இரவு ஷிப்டில், மெஷின் அருகிலேயே நில்லுங்கள். மாஸ்டர்களே, உங்கள் லாட் கார்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். கெட்டுப்போன லாட்டுகளின் கார்டுகளை முதலில் எங்களிடம் கொடுங்கள்.

சற்று நேரத்தில் கட்டுரை படிக்கவிருப்பவர்கள், தங்கள் முடிவு எந்த மெஷினில், எத்தனை கிலோவில் சோதிக்கப்பட்டது என்பதை முதலில் சொல்லுங்கள். சோதிக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். முன்வரிசையில் இருக்கும் மாஸ்டர்களில் ஒருவர் தம் பட்டறையில் அந்த முடிவைப் போட்டுப் பார்க்க முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.