பொதுத்தொண்டுப் படை: அமெரிக்கா திறந்த வழியும் அடைத்த வாயிலும்

(சொற்பொழிவு)



உழைக்கும் வலிமை உடலில் இருந்தும், உழைப்பதற்கு ஒரு வேலை இல்லாமல் தெருவில் நிற்கும் இளைஞனைக் காட்டிலும் இரங்கத்தக்கவன் ஒருவன் இலன். அவனுக்குச் சோறிடுவது அருட்செயலே. ஆயினும் அச்சோறு அவன் வயிற்றை நிரப்புமேயன்றி, குனிந்த அவன் தலையை நிமிர்த்தாது. அவன் தலை நிமிர வேண்டுமாயின், முதற்கண் அவனுக்கு வேலை வேண்டும். அவ்வேலை நாட்டுக்கு உண்மையாகவே தேவைப்படும் வேலையாக இருத்தல் வேண்டும். அது முடிந்த பின்னும் அவன் கையில் ஒரு தொழில் தங்கியிருத்தல் வேண்டும். இவற்றை ஒருங்கே தருவதற்கென்று அரசே அமைப்பதுதான் பொதுத்தொண்டுப் படை. அத்தகைய படை ஒன்று எவ்வாறு பிறந்தது, எதனால் உயர்ந்தது, எங்கே தவறியது என்பவற்றை அமெரிக்க ஒன்றிய நாடுகளின் வரலாறு ஒளிவுமறைவின்றிக் காட்டுகின்றது.

1929-ஆம் ஆண்டு அக்குதோபர்த் திங்களில் நியூயார்க்குப் பங்குச் சந்தை சரிந்தது. அதனைத் தொடர்ந்து வைப்பகங்கள் மூடின; ஆலைகள் நின்றன; விளைபொருள்கள் விலைபோகவில்லை. 1933-ஆம் ஆண்டில் அந்நாட்டு உழைப்பாளருள் ஏறத்தாழ நால்வர்க்கு ஒருவர் வேலையற்று நின்றனர். பள்ளியைவிட்டு வெளிவந்த இளைஞர்களின் நிலையோ இன்னும் கொடிது. பட்டறிவுள்ள தந்தைக்கே வேலை இல்லாதபோது, பட்டறிவில்லாத மகனை யார் அழைப்பார்? வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று புறப்பட்டு, சரக்குத் தொடர்வண்டிகளில் ஒளிந்தேறி, ஊர் ஊராக அலைந்த இளைஞர் பல்லாயிரவர்.

நிலமும் அந்நாளில் நலிந்துதான் கிடந்தது. முன்னையோர் காடுகளை வரைமுறையின்றி வெட்டி விற்றிருந்தனர். வெட்டிய இடத்தில் மீண்டும் மரம் நடுவார் இலர். உழுத மண்ணை மழை அரித்தது. காற்று வாரிச் சென்றது. ஒருபுறம் வீணாகும் இளமை. மறுபுறம் வீணாகும் நிலம். இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்த்ததே பிராங்கிளின் உரூசுவெல்ட்டின் அறிவுடைமையாகும்.

அவ்வெண்ணத்திற்கு ஒரு முன்வரலாறும் உண்டு. போர்க்களத்தில் வெளிப்படும் துணிவையும் கட்டுப்பாட்டையும் மக்களைக் கொல்லும் தொழிலுக்குச் செலவிடாமல், கடின உழைப்பில் செலவிடுமாறு இளைஞரைத் திரட்டுதல் வேண்டும் என்று வில்லியம் சேம்சு என்னும் அமெரிக்க மெய்யியல் அறிஞர் 1910-இல் வெளிவந்த தம் கட்டுரையில் வற்புறுத்தியிருந்தார். அறிஞர் ஏட்டில் எழுதிய கருத்து நாட்டில் நடைமுறைக்கு வர, 23 ஆண்டுகள் ஆயின.

1933 மார்ச்சு 4-ஆம் நாள் உரூசுவெல்ட்டு குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். மார்ச்சு 21-இல் இப்படையை அமைக்குமாறு பேராயத்திற்குச் செய்தி விடுத்தார். மார்ச்சு 31-இல் சட்டம் கையெழுத்தாகியது. ஏப்பிரல் 17-இல் வர்சீனியா மாநிலத்துக் காடொன்றில் முதற் பாசறை எழுந்தது. அவ்வாண்டு சூலைத் திங்களுக்குள் இரண்டரை இலக்கத்திற்கு மேற்பட்ட இளைஞர்கள் நாடெங்கும் பாசறைகளில் அமர்ந்துவிட்டனர். இதுவே குடிமக்கள் வளக்காப்புப் படை. வேலை தருவோம் என்று சொல்வதற்கும் வேலை தருவதற்கும் இடையே ஆண்டுகள் பல கழிதல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை என்பதற்கு இந்த நான்கு திங்களே சான்று.

இவ்விரைவு எப்படிக் கைகூடியது? புதிய அலுவலகம் ஒன்றைக் கட்டி, அதற்குப் பணியாளரைத் தேடி, அதன் பின்னர்ப் பணி தொடங்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. இருந்த துறைகளுக்கே வேலையைப் பகிர்ந்தளித்தனர். தொழிலாளர் துறை இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தது. படைத்துறை பாசறை அமைத்து, உணவும் உடையும் மருத்துவமும் தந்தது. வேளாண் துறையும் உள்நாட்டுத் துறையும் எந்தக் காட்டில் எந்த வேலை என வகுத்து, அவ்வேலையை மேற்பார்த்தன. ஒவ்வொரு பாசறையிலும் ஏறத்தாழ 200 பேர். மரமறிந்தவரும் கல்லறிந்தவருமான உள்ளூர்ப் பட்டறிவாளர்களைக் கூலிக்கு அமர்த்தி, அவர்களையே இளைஞர்க்கு வழிகாட்டிகளாக்கினர். இதனால் பாசறைக்கும் ஊருக்கும் இடையே எழவிருந்த பகையும் பெரிதும் தணிந்தது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. நாளொன்றுக்கு ஒரு தாலர் கூலி என்பது, தொழிலாளர் அனைவரின் கூலியையும் கீழே இழுத்துவிடும் என்று தொழிற்சங்கத் தலைவர் வில்லியம் கிரீன் கடிந்துரைத்தார். இளைஞர்களைப் படைத்துறையின் கையில் ஒப்படைப்பதையும் அவர் அஞ்சினார். இவ்வச்சம் புறந்தள்ளத் தக்கதன்று. அரசே மலிவான கூலிக்கு ஆள் சேர்க்குமாயின், முதலாளிகள் அதனைக் காட்டியே பிறர் கூலியையும் குறைப்பர். உரூசுவெல்ட்டு அவ்வச்சத்தைத் தணிக்கத் தொழிற்சங்கத்திலிருந்தே இராபர்ட்டு பெக்னர் என்பவரை அழைத்துப் படையின் இயக்குநராக அமர்த்தினார். வேலையற்றோரை மட்டும் சேர்த்ததும், பிறர் செய்துவந்த வேலையைப் பறிக்காமல் அதுவரை எவரும் செய்யாது கிடந்த வேலையையே எடுத்துக்கொண்டதும் அவ்வெதிர்ப்பைப் பெரிதும் அடக்கின.

திங்களுக்கு 30 தாலர் ஊதியம். அதில் 25 தாலர் இளைஞன் கைக்கு வாராமலே அவன் வீட்டுக்குச் சென்றது. எஞ்சிய 5 தாலர் அவன் கைச்செலவுக்கு. உணவும் உடையும் உறைவிடமும் பாசறையிலேயே கிடைத்தமையால் அத்தொகை போதுமானதாயிற்று. நேற்றுவரை வீட்டுக்குச் சுமையாக எண்ணப்பட்ட மகன், இன்று பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் காப்பவன் ஆனான். அந்த 25 தாலரின் மதிப்பை வெறும் பணக் கணக்கால் அளந்துவிட முடியுமா?

வேலையும் விளையாட்டு வேலையன்று. ஒன்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 300 கோடி மரக்கன்றுகளை அவர்கள் நட்டனர். காட்டுத்தீயைக் கண்டறியும் கோபுரங்கள் 3,000-க்கு மேல் எழுப்பினர். மலைச்சாலைகள் அமைத்தனர், தொலைபேசிக் கம்பிகள் இழுத்தனர், மண்ணரிப்பைத் தடுக்கும் அணைகள் கட்டினர், மக்கள் சென்று இளைப்பாறும் பூங்காக்களை நூற்றுக்கணக்கில் உருவாக்கினர். கொலராடோ மாநிலத்தில் தென்வர் நகருக்கு அருகே, செம்பாறைகளுக்கிடையே இவர்கள் உழைப்பால் உருவாகி 1941-இல் திறக்கப்பட்ட திறந்தவெளி அரங்கில் இன்றும் இசை நிகழ்கின்றது. காட்டுத்தீயை அணைக்கும் பணியில் உயிர் நீத்தவரும் உளர். 1937 ஆகத்துத் திங்களில் வயோமிங்கு மாநிலத்தில் மூண்ட தீயில் 15 பேர் மாண்டனர். அவருள் இப்படையின் இளைஞர் பலர்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். 1933-இல் வேலை வேண்டும் என்று எண்ணிய அளவுக்குக் கல்வி வேண்டும் என்று அரசு எண்ணவில்லை. கல்வி பின்னர்ச் சேர்ந்ததே. படைத்துறை மேலாளர்களுள் சிலர் அதனை விரும்பவுமில்லை. உடலுழைப்புக்கு வந்தவனுக்கு நூலெதற்கு என்பது அவர்கள் நினைப்பு. ஆயினும் 1933 இறுதியில் கல்வித் திட்டத்திற்கு ஒப்புதல் கிடைத்தது. பாசறைகளுக்குக் கல்வி அறிவுரைஞர்கள் வந்தனர். பகலெல்லாம் மண்வெட்டி பிடித்தவர்கள் மாலையில் எழுதுகோல் பிடித்தனர். தச்சு, கல்வேலை, ஊர்தி பழுதுபார்த்தல், நிலமளத்தல், தட்டச்சு, சமையல் எனத் தொழில்கள் பல கற்பிக்கப்பட்டன. எழுத்தறியாது வந்தோருள் 40,000-க்கு மேற்பட்டோர் பாசறையிலேயே எழுதப் படிக்கக் கற்றனர். தன் பெயரைத் தானே எழுதக் கற்றவனிடமிருந்து அவ்வறிவை எந்த விலைவாசி வீழ்ச்சியும் பறித்துவிட முடியாது.

1937-இல் இயற்றப்பட்ட சட்டமே தொழிற்பயிற்சியைப் படையின் நோக்கங்களுள் ஒன்றாக வெளிப்படையாக ஏற்றது. படை தொடங்கி நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னர் வந்த அறிவு அது. அதற்குள் எத்தனையோ இளைஞர்கள் தம் காலம் முடிந்து, கையில் முறையான தொழில் ஏதுமின்றியே வீடு திரும்பியிருந்தனர். எட்டு மணி நேரம் உழைத்துக் களைத்த பின்னர் விரும்பினால் படிக்கலாம் என்பது, கல்விக்கு இடங்கொடுத்ததாகாது. இடம் எஞ்சினால் கல்வி அமரலாம் என்றதே ஆகும்.

பெருமக்களே! இதைவிடப் பெருங்குறை ஒன்று அப்படையின் வாயிலிலேயே நின்றது. இனம், நிறம், சமயம் பற்றி வேறுபாடு காட்டலாகாது என்று 1933-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. அத்தொடரைச் சேர்க்கச் செய்தவர் ஆசுகர் தி பிரீசுட்டு என்னும் கருப்பினப் பேராய உறுப்பினர். சட்டம் சொன்னதை நாடு செய்ததா? சார்சியா மாநிலத்துத் தேர்வு அலுவலர்கள் தொடக்கத்தில் கருப்பினத்தாரைச் சேர்க்கவே மறுத்தனர். நடுவணரசின் தொழிலாளர் துறை வற்புறுத்திய பின்னரே சிலரைச் சேர்த்தனர். மக்கள்தொகையில் கருப்பினத்தார் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு என்று கணக்குச் சொல்லி, படையிலும் அவ்வளவே என வரம்பு கட்டினர். வறுமையோ அவர்களிடம் பத்தில் ஒரு பங்காக இல்லை. அதனினும் மிகுதியாக இருந்தது. 1935-இல் கருப்பினத்தார்க்கும் வெள்ளையர்க்கும் பாசறைகளைத் தனித்தனியே பிரித்துவிடுமாறு பெக்னரே ஆணையிட்டார். ஏறத்தாழ இரண்டு இலக்கம் கருப்பின இளைஞர்கள் இப்படையில் உழைத்தனர். அவர்கள் நட்ட மரங்கள் பிறர் நட்ட மரங்களோடு ஒரே காட்டில் வேரூன்றி நின்றன. நட்ட கைகளுக்கு மட்டும் ஒரே பாசறை இல்லாமற் போயிற்று!

பெண்களுக்கோ வாயிலே இல்லை. இளைஞரைத் தேர்ந்தெடுத்த தொழிலாளர் துறைக்குத் தலைமை தாங்கியவர் பிரான்சிசு பெர்க்கின்சு என்னும் அம்மையார். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே. இருந்தும் வேலையற்ற பெண்களை அப்படை ஏற்கவில்லை. குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் உரூசுவெல்ட்டின் முயற்சியால் நியூயார்க்கு மாநிலத்தில் 1933-இல் பெண்களுக்கெனத் தனிப் பாசறை ஒன்று திறக்கப்பட்டது. பின்னர் வேறு சிலவும் தோன்றின. 1937-இல் அத்திட்டம் முடிவதற்குள் பயன்பெற்ற பெண்கள் ஏறத்தாழ 8,500 பேர். ஆடவர் தொகையோ இலக்கக்கணக்கில்!

ஓரிடத்தில் மட்டும் வேறுபட்ட போக்கு ஒன்று தெரிந்தது. அமெரிக்கத் தொல்குடி மக்களுக்கென அமைந்த பிரிவில் படைத்துறைப் பாசறை வாழ்வு கட்டாயமாக்கப்படவில்லை. மணமானவரும் சேரலாம்; தம் குடும்பத்தோடு தங்கலாம்; தம் மண்ணிலேயே, தம் மேய்ச்சல் நிலத்தையும் நீர்நிலைகளையும் திருத்தும் பணியைச் செய்யலாம். 80,000-க்கும் மேற்பட்டோர் அவ்வாறு உழைத்தனர். தன் மண்ணைத் தானே திருத்துபவன் கூலிக்காக மட்டும் உழைப்பதில்லை.

1935-இல் இப்படையின் தொகை 5 இலக்கத்தை எட்டியது. ஆயினும் இதனை நிலையான அமைப்பாக்குமாறு உரூசுவெல்ட்டு 1937-இல் கேட்டபோது பேராயம் இசையவில்லை. பின்னர் உலகப்போர் மூண்டது. போர்க்கருவி ஆலைகள் ஆள்களை ஈர்த்தன. 1942-இல் பேராயம் பணம் ஒதுக்க மறுத்தது, படை கலைந்தது. அதுவரை அதில் பணியாற்றியோர் ஏறத்தாழ 30 இலக்கம் பேர். கொல்லும் தொழிலுக்கு மாற்றாக எண்ணப்பட்ட ஒரு படை, கொல்லும் தொழில் பெருகியதாலேயே மறைந்தது எவ்வளவு பெரிய முரண்!

ஆனால் அவ்வெண்ணம் சாகவில்லை. 1976-இல் கலிபோர்னியா மாநிலம் தனக்கெனத் தனி வளக்காப்புப் படை ஒன்றைத் தொடங்கியது. அதில் ஆடவரும் பெண்டிரும் ஒருங்கே சேர்ந்தனர். இன்றும் அவர்கள் தீயணைப்பிலும் வெள்ளப் பணியிலும் ஈடுபடுகின்றனர். 1993-இல் நாட்டளவிலான தொண்டுத் திட்டம் ஒன்று சட்டமாயிற்று. 2023 செப்தம்பரில் காலநிலைப் பணிக்கென ஒரு படை அறிவிக்கப்பட்டது. 2025-இல் ஆட்சி மாறும் வேளையில் அது முடிவுக்கு வந்தது. ஆட்சியாளர் விருப்பத்தால் மட்டும் எழுந்தது, ஆட்சியாளர் விருப்பம் மாறியதும் வீழ்ந்தது. சட்டத்தின் வேரும் மக்களின் பற்றும் இல்லாத அமைப்பு எத்துணை நல்லதாயினும் நெடுநாள் நிற்பதில்லை.

எனவே, இளைஞர்க்கென இத்தகைய படையை எந்நாட்டார் அமைக்க முற்பட்டாலும், அவர்கள் தம்மைத் தாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். இவ்வேலை நாட்டுக்குத் தேவையானதா, அல்லது கணக்குக் காட்டத் தோண்டி மூடும் குழியா? வேலை முடிந்து வெளிவரும் இளைஞன் கையில் தொழில் இருக்குமா, அல்லது செலவழிந்த கூலியின் நினைவு மட்டும் இருக்குமா? வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கின்றதா, அல்லது சட்டத்தில் திறந்தும் நடைமுறையில் அடைத்தும் கிடக்கின்றதா? வளக்காப்புப் படை முதற் கேள்விக்கு முழு விடை தந்தது; இரண்டாவதற்கு அரை விடை தந்தது; மூன்றாவதற்குத் தலைகுனிந்து நின்றது.

வேலை கேட்கும் இளைஞன் இரவலன் அல்லன். தன் உழைப்பை நாட்டுக்குத் தருகின்றேன், அதனைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று நீட்டும் கை அவன் கை. அக்கையைத் தட்டிவிடும் நாடு தன் செல்வத்தையே தட்டிவிடுகின்றது. நீட்டிய கைகளுள் நிறமும் பிறப்பும் பார்த்துச் சிலவற்றை மட்டும் பற்றும் நாடு, தன் அறத்தையே இழக்கின்றது. அன்று நட்ட கன்றுகளுள் எத்தனையோ இன்று பெருமரங்களாய் நிழல் தருகின்றன. அந்நிழலில் அமர்வோர், இதனை நட்டவன் எந்நிறத்தவன் என்று கேட்பதில்லை. மரத்துக்கு இருக்கும் அந்த நடுவுநிலைமை, மரம் நடப் படை திரட்டுவோர்க்கும் இருத்தல் வேண்டும்.