கோணல் மூக்குன்னு ஒரு பேர்: ஸ்காட்லாந்து குடும்பப் பெயர்களின் கதை

நம்ம வயசுல இருக்கிற நிறைய பேர் இப்போ ஒரே தேடல்ல இருக்காங்க: குழந்தைக்கு என்ன பேர் வைக்கிறது? என் டீம்ல ரெண்டு பேர் இதுக்குன்னே எக்செல் ஷீட் வச்சிருக்காங்க. ஒரு பக்கம் பேர், இன்னொரு பக்கம் அர்த்தம். அர்த்தம் சரியில்லைன்னா டெலீட்.

இதே ஃபில்டரை ஸ்காட்லாந்து குடும்பப் பெயர்கள் மேல போட்டா என்ன ஆகும்? அதுதான் இன்னைக்கு எபிசோட். ஏன்னா அமெரிக்காவிலயும் பிரிட்டன்லயும் அந்தக் குடும்பப் பெயர்களையே குழந்தைகளுக்கு முதல் பெயரா வைக்கிறாங்க.

மெக்கன்சியை எடுத்துக்கோங்க. ஸ்காட்லாந்தின் பழைய மொழி கேலிக். அதுல 'மாக்'னா மகன். மெக்கன்சின்னா 'கின்னெத்தின் மகன்'. அந்தக் கின்னெத்துக்கு மூலமான கேலிக் பேருக்கு 'அழகன்'னு பொருள். அமெரிக்காவில இது இப்போ பெண் குழந்தைக்கு வைக்கிற பேர்! கேலிக்ல மகளுக்குத் தனியா 'நிக்'னு ஒரு முன்னொட்டு இருக்கு; ஆனா ஆங்கிலத்துக்குப் போனது 'மாக்' மட்டும்தான். இந்தப் பேர் நமக்கும் புதுசில்லை. 1815ல இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆன காலின் மெக்கன்சி, ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுல பிறந்தவர். அவர் சேகரித்த சுவடிகள்ல பெரும்பகுதி இன்னைக்கும் சென்னையிலதான் இருக்கு.

அடுத்து, தொழில்ல இருந்து வந்த பேர்கள். மெக்கின்டயர்னா தச்சன் மகன். ஸ்டூவர்ட்னா அரண்மனை நிர்வாகி. அரசர்கிட்ட வேலை பார்த்த அந்தக் குடும்பத்துல ஒருத்தர் 1371ல தானே அரசர் ஆனார், இரண்டாம் ராபர்ட். வேலையோட பேர் அரச வம்சத்தோட பேரா மாறிடுச்சு.

நிலத்துல இருந்து வந்ததும் நிறைய. டக்ளஸ்னா கருநீர், கிரெய்க்னா பாறை, பிளேர்னா சமவெளி. இதெல்லாம் ஷீட்ல பாஸ் ஆகிடும்.

சிக்கல் பட்டப்பெயர்கள்லதான். 'காம்'னா கோணல். கேமரூனுக்குப் பரவலா சொல்ற பொருள் கோணல் மூக்கு. கேம்பெல்லுக்குக் கோணல் வாய்! எப்பவோ ஒருத்தரைக் கிண்டல் பண்ணிக் கூப்பிட்டது, பேரன் பேத்திகளுக்குப் பெருமையான அடையாளம் ஆகிடுச்சு. இன்னைக்கு கேமரூன்னு பேர் வைக்கிற எந்த அப்பா அம்மாவும் மூக்கை நினைச்சு வைக்கிறதில்லை.

அப்போ ஒரு பேருக்கு எடை எங்கிருந்து வருது? மெக்கிரெகர் குலத்தோட கதையைக் கேளுங்க. 1603ல கிளென் ஃப்ரூயின்ல நடந்த ஒரு சண்டைக்குப் பிறகு, அரசர் ஆறாம் ஜேம்ஸ் அந்தப் பேரையே தடை செஞ்சார். மெக்கிரெகர்னு சொல்லிக்கிட்டா மரண தண்டனை. ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடி இல்லை, ஷேக்ஸ்பியர் உயிரோட இருந்த காலத்துல. மக்கள் கிரான்ட், மரே, டிரம்மன்ட்னு வேற பேர்களுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டாங்க. நடுவுல 1661ல தடையை நீக்கினாங்க, 1693ல திரும்பப் போட்டாங்க. முழுசா நீங்கினது 1774ல.

அந்தக் குலத்துல பிறந்த ராப் ராய், தடை இருந்த காலத்துல அம்மா வழிப் பேரான கேம்பெல்லை வச்சுக்கிட்டார். மெக்கிரெகர்களைத் துரத்தினவங்கள்ல கேம்பெல் குலத்தாரும் இருந்தாங்கங்கிறதையும் சேர்த்து யோசிங்க. 'கோணல் வாய்'ங்கிற பேர் அவருக்கு ஒரு கவசம்.

170 வருஷத்துக்கும் மேல ஆகியும் அந்தப் பேர் அழியலை. வெளியில வேற பேர்ல வாழ்ந்தவங்க, தாங்க யாருன்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கிட்டே வந்தாங்க. தடை போனதும் பல குடும்பங்கள் பழைய பேரைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. கிரெகர்ங்கிற சொல்லோட மூலம் கிரேக்கம். அதுக்குப் பொருள், விழித்திருப்பவன்.

அதனால ஷீட் போடுறவங்களுக்கு ஒரு யோசனை. அர்த்தம் பாருங்க, தப்பில்லை. கூடவே இன்னொரு காலத்தையும் சேர்த்துக்கோங்க: 'இந்தப் பேரை இதுக்கு முன்னாடி யார் சுமந்தாங்க?' குழந்தை ஏழு வயசுல வந்து 'எனக்கு ஏன் இந்தப் பேர் வச்சீங்க?'ன்னு கேட்கும்போது, ஒரு வார்த்தை அர்த்தம் அதுக்குப் பத்தாது. கதைதான் கேட்கும்.

உங்க பேருக்குப் பின்னாடி இருக்கிற கதையை வீட்டுல கேட்டு, ஒரு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.