கண்ணுக்குப் புலப்படாத மீன்



கொழும்பிலே உணவுச்சாலையொன்றிற் புகுந்து அமரும் சைவ உணவினர், சம்பலைத் தொடுமுன்னர் "மாசி போட்டதோ?" என்று ஒரு கேள்வி கேட்பது வழக்கம். பல்லாண்டாக அக்கேள்வியைக் கேட்டுப் பழகிய நான், யப்பான் சென்றவிடத்து அதற்கு நிகரான கேள்வி எதுவென அறியாதிருந்தேன். தோக்கியோ நகரில் ஒரு வீட்டிலே விருந்தினனாகத் தங்கினேன். மீனும் இறைச்சியும் உண்ணேன் என முன்னரே அறிவித்திருந்தேன். வீட்டுத் தலைவியார் முள்ளங்கியை வேகவைத்துத் தெளிந்த சாற்றோடு கிண்ணத்தில் இட்டுத் தந்தார். மீன் சேர்ந்ததோ என வினவினேன். "இல்லை, முள்ளங்கி மாத்திரமே" என்றார். சாறு மிகச் சுவையாயிருந்தது. இரண்டாம் முறையும் வாங்கி உண்டேன். மறுநாட் காலை, மரக்கட்டை போன்ற ஒன்றை அவர் சமையலறையிற் சீவிக்கொண்டிருக்கக் கண்டபோதுதான் உண்மை விளங்கிற்று.

அந்த அம்மையார் பொய் சொன்னாரல்லர். யப்பானியருக்கு அஃது மீன் அன்று. நீருக்குச் சுவையூட்டும் பொருள், அவ்வளவே. அக்கட்டையின் பெயர் கட்சுவோபுசி. கட்சுவோ என்பது நாம் சூரை என வழங்கும் மீன்.

சூரையைத் தலையும் குடலும் நீக்கி, முதுகிரண்டும் வயிறிரண்டுமாக நான்கு துண்டாக்குவர். கொதியாத வெந்நீரில் ஒரு மணி நேரத்துக்கு மேலாக வேகவிட்டு, முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவர். பின்னர் கருவாலி போன்ற வன்மரங்களின் விறகை எரித்துப் புகையூட்டி, ஆறவிட்டு, மீண்டும் புகையூட்டுவர். இது பல வாரம் நடக்கும். இந்நிலையிலேயே விற்பனைக்குப் போவது பெரும்பகுதி. மேலான வகைக்கோ இன்னும் வேலையுண்டு. புகைக்கரி படிந்த மேற்புறத்தைச் சுரண்டி, ஒருவகைப் பூஞ்சணத்தைப் படரவிட்டு, வெயிலிற் காயவைத்து, மறுபடியும் படரவிடுவர். பூஞ்சணம் கண்டால் எறிந்துவிடும் நமக்கு இது வியப்பே. ஆயின் அது உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே இழுக்கின்றது, கொழுப்பையும் சிதைக்கின்றது, அதனாலேயே சாறு எண்ணெய் மிதவாது தெளிந்திருக்கின்றது. ஏறத்தாழ ஆறு மாதத்தின் பின் இரு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்த வைரமரத்தின் ஓசை கேட்கும். கத்திக்கு அது இசையாது. தச்சனின் சீவுளியைக் கவிழ்த்துப் பெட்டியொன்றின்மேற் பொருத்தியது போன்ற கருவியிலே உரைத்துச் சீவவேண்டும். சீவல்கள் இளஞ்சிவப்பாய், காகிதத்தினும் மெல்லியனவாய் விழும். சூடான பண்டத்தின்மேல் தூவினால் ஆவிபட்டு உயிருள்ளன போல நெளியும்.

சாறு செய்யும் முறை எளிது. கொம்பு என்னும் கடற்பாசியைத் தண்ணீரில் ஊறவைத்துச் சூடேற்றுவர். (பெயர் நம் செவிக்கு வேறு பொருள் தரினும் பண்டம் மென்மையானதே.) கொதிக்குமுன் அதனை எடுத்துவிட்டு, சீவல்களை இட்டு, அடுப்பை அணைத்து, ஓரிரு நிமிடத்தில் வடிப்பர். இதுவே தஷி. ஆறு மாத உழைப்பு இரண்டு நிமிடத்தில் நீரிற் கலந்துவிடுகின்றது. மீன் கண்ணுக்குப் புலப்படாது போகின்றது.

1908ஆம் ஆண்டில் தோக்கியோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிக்குனாயே இக்கெடா, கொம்பின் சுவைக்குக் காரணம் குளுத்தமேற்று எனக் கண்டு, அச்சுவைக்கு உமாமி எனப் பெயரிட்டார். 1913இல் அவர் மாணாக்கர் சின்தாரோ கொடாமா, கட்சுவோபுசியில் இனோசினேற்று உண்டெனக் காட்டினார். இவ்விரண்டும் கூடும்போது சுவை கூட்டுத்தொகையாக அன்றிப் பன்மடங்காகப் பெருகுமென்பது 1960ஆம் ஆண்டளவில் அக்கிரா குனினாக்காவின் ஆராய்ச்சியால் விளங்கிற்று. சமையற்காரர் இதனைப் பல நூற்றாண்டு முன்னரே கையாண்டனர் என்பதைச் சொல்லாது விடுதல் நியாயமன்று.

இனி, நம் மாசியின் கதைக்கு வருவோம். அதுவும் சூரையே, அதுவும் அவித்து, புகையிட்டு, உலர்த்திக் கல்லாக்கப்பட்டதே. 14ஆம் நூற்றாண்டில் மாலைதீவிலே தங்கியிருந்த இபின் பதூதா, அங்குள்ளோர் மீனை நான்காக வெட்டிச் சிறிது வேகவைத்துப் புகையிடுவதையும், அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யேமனுக்கும் ஏற்றுமதியாவதையும் எழுதியிருக்கின்றார். யப்பானிலோ காய்ந்த சூரை 8ஆம் நூற்றாண்டுச் சட்டத்தில் வரிப்பொருளாகக் குறிக்கப்படினும், புகையிடும் முறை 17ஆம் நூற்றாண்டில் கீ நாட்டு மீனவர் ஒருவராற் பரவியதென்பது மரபுவழிச் செய்தி. ஆகவே அம்முறை மாலைதீவிலிருந்து கடல்வழியே சென்றிருக்கலாமெனக் கருதுவோர் யப்பானிலும் உளர். ஒரே மீனைப் பிடிக்கும் இரு தீவினர் தாமாகவே ஒரே வழியைக் கண்டிருத்தலுங் கூடும். எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகின்றது. பூஞ்சணம் மாத்திரம் யப்பானியருக்கே உரியது. நாமோ மாசியை உரலில் இடித்துச் சீனிச்சம்பலில் உண்கின்றோம். அவர்கள் வடித்துவிட்டுச் சாற்றைக் கொள்கின்றனர்.

சீவும் பெட்டி இன்று யப்பானிலும் அருகிவிட்டது. 1699இல் தொடங்கிய நின்பென் என்னும் பழைய வணிக நிலையம், 1969இல் சீவல்களைச் சிறு பைகளில் அடைத்து விற்கத் தொடங்கிற்று. அதன்பின் காலைதோறும் வீடுகளிற் கேட்ட அந்தச் சரசரப்பு ஓய்ந்துவந்தது. நான் தங்கிய வீட்டில் அது இன்னும் கேட்டமை என் நற்பேறு. என் விரதத்துக்கு அஃது நற்பேறன்று.

உண்மை அறிந்ததும் அம்மையார் பெரிதும் வருந்தினார். யப்பானின் பௌத்த மடங்களிலே மீன் சேர்ப்பதில்லை. கொம்போடு உலர்ந்த சீத்தாக்கே என்னும் காளானை ஊறவைத்தே தஷி எடுப்பர். அன்று மாலை அவர் அம்முறையிற் சாறு செய்து, அதே முள்ளங்கியை இட்டு என்முன் வைத்தார். மணமும் சுவையும் நிறைந்ததாகவே இருந்தது. முதல்நாட் சாற்றோடு ஒப்பிட்டுச் சொல்லும்படி அவர் கேட்டார். நான் முள்ளங்கியைப் புகழ்ந்தேன்.