கோட்டைக்குள்ளே இருந்த ஆள்: மதுரை, 1764

இன்னைக்கு எபிசோடு 'மோல்' பத்தி. முகத்துல இருக்கிற மச்சம் இல்லைங்க. கிரைம் த்ரில்லர்ல வருமே, அந்த மோல். போலீஸா இருந்துக்கிட்டே கும்பலுக்குத் தகவல் கொடுக்கிறவன், இல்லைன்னா கும்பலுக்குள்ள இருந்துக்கிட்டே போலீஸுக்குத் தகவல் கொடுக்கிறவன். நம்ம பாஷைல சொன்னா, கூட இருந்தே குழி பறிக்கிறவன்.

இந்த டைப் கதைகளுக்கு நம்மகிட்ட ரசிகர்கள் நிறைய. 2002-ல ஹாங்காங்ல 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்'னு ஒரு படம் வந்துச்சு. போலீஸ்ல ஒரு மோல், கும்பல்ல ஒரு மோல், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தேடுவாங்க. அதைத்தான் ஹாலிவுட்ல 2006-ல 'தி டிபார்ட்டட்'னு எடுத்தாங்க. தமிழ்ல 'கைதி'யிலயும் ரெண்டு பக்கமும் ஆள் இருப்பாங்க. அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி, 1995-லயே நமக்கு 'குருதிப்புனல்' வந்தாச்சு. கோவிந்த் நிஹலானியோட 'துரோக்கால்' படத்தைத் தமிழ்ல கமல் எழுத, பி.சி.ஸ்ரீராம் இயக்கினார்.

இந்தப் படங்கள்ல பெரும்பாலும் மோல்ங்கிறவன் 'அனுப்பப்படுறவன்'. யாரோ ஒரு மேலதிகாரி அவனைத் தேர்ந்தெடுத்து, ட்ரெய்னிங் கொடுத்து, உள்ளே நடுவார். 'குருதிப்புனல்' மட்டும் கொஞ்சம் வேற மாதிரி. நேர்மையா இருந்த ஒருத்தரைப் பயம் எப்படி உடைக்கும்னு அது பேசும். நிஜ வரலாறு இந்த ரெண்டாவது வகைக்குத்தான் பக்கத்துல இருக்கு. வெளியிலிருந்து ஆளை நடுறதை விட, ஏற்கெனவே உள்ளே இருக்கிறவன் மாறுறதுதான் அதிகம். அதுக்கு உதாரணம் தேடி ஹாங்காங் போக வேண்டாம். பெரியார் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனா போதும்.

மதுரைக்கு ஒரு கோட்டை இருந்தது

மதுரையில கீழ வெளி வீதி, மேல வெளி வீதி, வடக்கு வெளி வீதி, தெற்கு வெளி வீதின்னு சொல்றோமே, எதுக்கு 'வெளி'? ஊரைச் சுத்தி ஒரு கோட்டைச் சுவர் இருந்துச்சு. நாயக்கர் காலத்துக் கோட்டை. ரெட்டைச் சுவர், அகழி, கொத்தளங்கள். 19-ஆம் நூற்றாண்டுல கலெக்டர் பிளாக்பர்ன் அந்தச் சுவரை இடிச்சு, அகழியைத் தூர்த்து, ஊரை விரிவாக்கினார். சுவர் இருந்த இடத்துலதான் இன்னைக்கு வெளி வீதிகள் ஓடுது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் கோட்டையோட ஒரு சின்ன மிச்சம் மட்டும் இன்னும் நிக்குது.

அந்தக் கோட்டையை 1763, 1764-ன்னு ரெண்டு வருஷம் ஆங்கிலேயக் கம்பெனிப் படையும் ஆற்காடு நவாப் படையும் முற்றுகை போட்டாங்க. பீரங்கி வச்சும் உள்ளே போக முடியலை. உள்ளே இருந்து எதிர்த்து நின்னவர் பேர் முகம்மது யூசுப் கான். ஜனங்களுக்கு அவர் 'கான்சாகிப்'. கமல் 1997-ல எலிசபெத் ராணியைக் கூப்பிட்டுப் பூஜை போட்டாரே 'மருதநாயகம்', அந்த மருதநாயகம்தான் இவர்.

ஒரே ஆள், பல வாழ்க்கை

இப்போ இவரோட பயோடேட்டாவைப் பாருங்க. பிறந்தது ராமநாதபுரம் சீமையில பனையூர். மருதநாயகம்ங்கிற வேளாளர் வீட்டுப் பையன்னு மரபு சொல்லுது. சின்ன வயசுலயே ஊரை விட்டுப் போய், இஸ்லாத்துக்கு மாறி, யூசுப் கான் ஆகிறார். சிப்பாயா ஆரம்பிச்சு, 1750-கள்ல திருச்சியைச் சுத்தி நடந்த போர்ல, மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் கீழ பேர் வாங்குறார். கம்பெனியோட இந்தியச் சிப்பாய்கள் எல்லாருக்கும் கமாண்டன்ட் ஆகிறார். அன்னைக்கு ஒரு இந்தியருக்கு அந்தப் படையில அதுக்கு மேல உயரம் கிடையாது.

இங்கே ஒரு சம்பவம். எந்தத் திரைக்கதை ஆசிரியரும் பொறாமைப்படுவார். வருஷம் 1754, இடம் திருச்சி. ஊரைப் பிடிக்க மைசூர்ப் படை வெளியே உக்காந்திருக்கு. அப்போ ஒரு கடிதம் ஆங்கிலேயர் கையில சிக்குது. மைசூர்த் தரப்புலேர்ந்து யூசுப் கானுக்கு எழுதின மாதிரி இருக்கு. அதாவது, நம்ம கமாண்டன்ட் எதிரிகிட்ட விலை போயிட்டார்னு அர்த்தம். யூசுப் கானைக் கைது பண்றாங்க.

விசாரணையில கதை தலைகீழா மாறுது. கடிதமே ஜோடனை. ஜோடிச்சது யாருன்னா, பொன்னியப்பான்னு ஒருத்தர். மேஜர் லாரன்ஸோட மொழிபெயர்ப்பாளர். யோசிச்சுப் பாருங்க. வெள்ளைக்கார அதிகாரிக்கு இந்த ஊர் மொழி தெரியாது. நவாப் ஆட்கள் வந்தாலும், ஒற்றன் வந்தாலும், எல்லாப் பேச்சும் பொன்னியப்பா வாய் வழியாத்தான் போகணும், வரணும். அந்த மனுஷன்தான் மைசூர்க்காரங்களுக்குத் தகவல் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கார். தனக்கு இடைஞ்சலா இருந்த யூசுப் கானை, இவர்தான் துரோகின்னு மாட்டிவிடப் பார்த்திருக்கார். நிஜ மோல், நேர்மையான ஆளை மோல்னு காட்டிக் கொடுக்கிறான்! இந்த ட்விஸ்ட்டை நாம 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' வகைப் படங்கள்ல பார்த்துக் கைதட்டுறோம். திருச்சியில அது 1754-லயே நடந்திருக்கு. கம்பெனியோட வரலாற்றை எழுதின ராபர்ட் ஓர்ம் இதைப் பதிவு பண்ணியிருக்கார். பொன்னியப்பாவை பீரங்கி வாயில வச்சுச் சுட்டாங்க.

இதுல கவனிக்க ஒரு விஷயம். பொன்னியப்பாவை யாரும் வேஷம் போட்டு உள்ளே அனுப்பலை. அவர் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தார். எல்லாரும் நம்பித்தான் ஆகணும்ங்கிற நாற்காலியில உக்காந்திருந்தார். மோல் வேலைக்கு மாறுவேஷம் தேவையில்லை, அந்த நாற்காலி இருந்தா போதும். உங்க ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல பேசினது பத்தே நிமிஷத்துல மேனேஜர் காதுக்குப் போகுதுன்னா, அதுக்கும் யாரும் வெளியிலிருந்து வரலை. ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர் முதல் நாள்லேர்ந்தே குரூப் மெம்பர்தான்.

'கலகக்காரன்' ஆன கவர்னர்

யூசுப் கான் கதைக்கு வருவோம். கம்பெனி அவரை மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் பொறுப்பா அனுப்புது. 1759-லேர்ந்து குத்தகை அடிப்படையில சீமையை ஆள்றார். பாளையக்காரங்களை அடக்குறார். 1761-ல பூலித்தேவரோட நெற்கட்டும்செவலைப் பிடிச்சதும் இவர்தான். இதை ஞாபகம் வச்சுக்கங்க, கடைசியில இதுக்குத் திரும்ப வரணும்.

நிர்வாகத்துல ஆள் கில்லாடி. வரி ஒழுங்கா வருது, கொள்ளை குறையுது. இவர் செத்து 20 வருஷம் கழிச்சு ஃபுல்லர்ட்டன்னு ஒரு ஆங்கிலேயக் கர்னலே இவரோட ஆட்சியைப் புகழ்ந்து எழுதினார்.

பிரச்சினை எங்கே வந்துச்சு? ஆற்காடு நவாப் முகம்மது அலிக்கு மதுரைச் சீமை தன்னோடதுன்னு எண்ணம். யூசுப் கானுக்கோ, நான் கம்பெனிக்குத்தான் பதில் சொல்வேன், நவாபுக்கு வேலைக்காரன் இல்லைன்னு எண்ணம். கம்பெனி கடைசியில நவாப் பக்கம் சாய்ஞ்சது. இவர் பணியலை. படை சேர்த்தார், 1763-ல கோட்டையில பிரெஞ்சுக் கொடியை ஏத்தினார். நேத்து வரைக்கும் கம்பெனியோட நம்பிக்கையான கமாண்டன்ட், இன்னைக்கு 'ரெபெல்'. ஆளும் அதே ஆள், ஊரும் அதே ஊர். மாறினது பேர் மட்டும்தான்.

முதல் முற்றுகை 1763 கடைசியில மழைக்காலத்தோட தோத்துப் போச்சு. அடுத்த வருஷம் மேஜர் சார்லஸ் கேம்ப்பெல் தலைமையில திரும்ப வந்தாங்க. 1764 ஜூன் மாசம் சுவரை உடைச்சு ஏறப் பார்த்தாங்க. அடிச்சு விரட்டினார் கான்சாகிப். மேஜர் பிரெஸ்டன் அந்தச் சண்டையில பட்ட காயத்துலதான் செத்தார். பீரங்கியால முடியாதுன்னு தெரிஞ்சதும் கம்பெனி ரூட்டை மாத்துச்சு. சுத்தி வளைச்சு, உள்ளே சோறு போகாம தடுத்துட்டு உக்காந்துட்டாங்க.

தலைப்பாகை

ஜூன்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் அந்தச் சுவருக்குள்ள என்ன நடந்திருக்கும்? தானியம் குறையுது. வெளியிலிருந்து உதவி வர்ற வழி தெரியலை. சிப்பாய்கள் முணுமுணுக்கிறாங்க. கான்சாகிப்கிட்ட மார்ச்சந்துன்னு ஒரு பிரெஞ்சுத் தளபதி இருந்தார். கோட்டைக்குள்ள இருந்த ஐரோப்பியர்கள் அவர் கீழ. ஒரு வாக்குவாதத்துல கான்சாகிப் அவரைச் சவுக்கால அடிச்சதா ஒரு விவரம் உண்டு. இன்னொருத்தர் திவான் சீனிவாச ராவ். நிர்வாகம் முழுக்க அவர் கையில. மூணாவது பாபா சாகிப், கான்சாகிப்போட வைத்தியர்.

தளபதி, திவான், வைத்தியர். ஒருத்தர் கையில ஆயுதம், ஒருத்தர் கையில கணக்கு, ஒருத்தர் கையில உடம்பு. ஒரு அரசன் இந்த மூணு பேரை நம்பாம எப்படி உயிர் வாழ முடியும்?

1764 அக்டோபர் 13. கான்சாகிப் தொழுகையில இருக்கார். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்து அவரைப் பிடிக்கிறாங்க. அவரோட தலைப்பாகைத் துணியாலயே அவரைக் கட்டுறாங்க. மனைவி மாசா, இருந்த வீரர்களைக் கூட்டிக்கிட்டு மீட்க ஓடி வந்தாங்கன்னும், நேரம் கடந்து போச்சுன்னும் சொல்றாங்க. மார்ச்சந்து கேம்ப்பெல்கிட்ட ஒப்படைக்கிறார், அங்கேயிருந்து நவாப் கைக்குப் போகுது. அக்டோபர் 15, சம்மட்டிபுரத்துல முகாம் பக்கத்துல தூக்கு. ரெண்டு வருஷமா பீரங்கி செய்ய முடியாத வேலை, ரெண்டு நாள்ல முடிஞ்சுபோச்சு.

கயிறு ரெண்டு தடவை அறுந்துச்சுன்னு கதை உண்டு. உடம்பைத் துண்டாக்கி ஊர் ஊரா அனுப்பினாங்கன்னும் உண்டு. அது எந்த அளவுக்கு உண்மைங்கிறதை விட, அப்படி ஒரு கதை தேவைப்பட்டதைப் பாருங்க. செத்த பிறகும் பயந்தாங்கன்னு ஜனங்க நம்ப விரும்பியிருக்காங்க.

அப்போ துரோகி யார்?

ஈசியான பதில்: அந்த மூணு பேர். நானும் முதல்ல அதைத்தான் சொல்வேன். தொழுகையில இருக்கிற ஆளைக் கட்டினதுக்கு நியாயம் சொல்ல எனக்கு வாய் வரலை.

ஆனா கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. கம்பெனிக் கணக்குல துரோகி யூசுப் கான்தான். அவங்க சம்பளத்துல வளர்ந்து அவங்களையே எதிர்த்தவர். நெற்கட்டும்செவல் பக்கம் போய்க் கேட்டா, அவங்களுக்கு இவர் பூலித்தேவர் மேல கம்பெனி ஏவிவிட்ட தளபதி. மார்ச்சந்துகிட்ட கேட்டிருந்தா, பசியில கிடந்த என் ஆட்களை உயிரோட வெளியே கொண்டு போனேன்னு சொல்லியிருப்பார். 'கான்சாகிபு சண்டை'ங்கிற கதைப்பாடலைக் கேட்டு வளர்ந்தவங்களுக்கோ இவர் வீரன்.

த்ரில்லர் படம் கேக்குற கேள்வி, 'மோல் யாரு?' அதுக்கு ஒரு பேர் கிடைச்சதும் படம் முடிஞ்சிடும். மதுரைக் கோட்டையைப் பார்த்தா எனக்கு வேற ரெண்டு கேள்வி வருது. ஒண்ணு, இந்த ஆள் யாரோட கணக்குல துரோகி? இன்னொண்ணு, உள்ளே இருந்தவனுக்கு உள்ளேயே இருக்கிறதுக்கான காரணம் எப்போ தீர்ந்துபோச்சு? ஜூன்ல ஏணி போட்டு ஏறினவங்களைத் தள்ளிவிட்ட அதே கோட்டைதான் அக்டோபர்ல கதவைத் திறந்துச்சு. நடுவுல இருந்த அந்த நாலு மாசப் பட்டினி, பயம், ஒரு சவுக்கடி – அங்கேதான் மோல் உருவாகுறான். 1754-ல பொய்க் கடிதத்துல சிக்கி மீண்டு வந்த மனுஷனுக்கு, நம்பிக்கைங்கிறது எவ்வளவு சீக்கிரம் கிழியும்னு தெரியாம இருந்திருக்காது. இருந்தும் பத்து வருஷம் கழிச்சு அதே இடத்துலதான் அடி விழுந்துச்சு.

அடுத்த தடவை மதுரையில காளவாசல் தாண்டித் தேனி ரோட்டுல போனீங்கன்னா, சம்மட்டிபுரத்துல இடது பக்கம் கொஞ்சம் பார்த்துக்கிட்டே போங்க. 1808-ல அவர் சமாதி மேல கட்டின சின்னப் பள்ளிவாசல் இருக்கு. கான்சாகிப் பள்ளிவாசல்னு கேட்டா சொல்வாங்க. ஊருக்குள்ள கான்சாமேட்டுத் தெருவும் இருக்கு. தினமும் அதுல வண்டி ஓட்டுறவங்கள்ல எத்தனை பேருக்கு அந்த 'கான்சா' யாருன்னு தெரியும்னு எனக்குத் தெரியலை. நீங்க மதுரைக்காரரா இருந்தா, வீட்டுல பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. அவங்க அவரை வீரன்னு சொல்றாங்களா, கம்பெனி ஆளுன்னு சொல்றாங்களா, கமல் படம்னு சொல்றாங்களா? வந்த பதிலை எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோடுல சிலதைப் போடுறோம்.

அதுவரைக்கும், பத்திரம் மக்களே.